எட்டு மீட்டரில் நிற்கும் கண்

மர்பி டவுனின் குறுந்தெருக்களில் மாலை ஏழு மணிக்குமேல் அடிக்கடி கேட்கும் உரையாடல் ஒன்று உண்டு. எதிரே வரும் காரின் ஒளி தாங்காமல் ஸ்கூட்டரை ஓரங்கட்டி, ஒற்றைக் காலை ஊன்றி நிற்பவர், "அண்ணா, டிம் பண்ணுங்க" என்பார். கண்ணாடியை இறக்கிய ஓட்டுநர், "டிம்லதான் இருக்குது அண்ணா" என்பார். முன்னவர் நம்பமாட்டார். பின்னவருக்குச் சினம் வரும். பின்னால் நிற்கும் ஆட்டோ ஒலிப்பானை அழுத்தும். பேச்சு அத்துடன் முடியும்.

இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அந்தக் கார் தாழ்வொளியில்தான் வந்திருக்கும். தாழவேண்டிய ஒளிதான் தாழாமல் இருந்திருக்கும். இரவுச் சாலையின் கண்கூச்சம் குறித்து நடக்கும் பொதுப் பேச்சு பெரும்பாலும் இரண்டு காரணங்களோடு நின்றுவிடுகிறது. ஓட்டுநரின் ஒழுக்கக்கேடு ஒன்று, அதாவது பிரைட்டிலேயே ஓட்டுவது. மற்றொன்று சந்தையில் விற்கும் மிகையொளி பல்ப். மூன்றாவது காரணமாகிய கோணம் அரிதாகவே பேச்சில் இடம்பெறுகிறது. மூன்றினுள் எளிதில் சரிசெய்யக்கூடியதும் அதுவே. ஒரு சுவரும் ஓர் அளவுநாடாவும் ஒரு திருப்புளியும் போதும்.

கோணத்திற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்பதற்கு எண்களே சான்று. தாழ்வொளி என்பது வெறும் மங்கலான ஒளி அன்று. மேல்விளிம்பு வெட்டப்பட்ட ஒளி. சுவரில் விழும்போது அதன் மேல் ஓர் எல்லைக்கோடு தெரியும். கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருள். இவ்வகை விளக்குகளுக்கு ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குமுறை நெடுங்காலம் விதித்திருந்த அளவைப் பாருங்கள். 25 மீட்டர் தொலைவில், எதிரே வருபவரின் கண் இருக்கக்கூடிய புள்ளியில் 0.4 லக்ஸுக்கு மேல் விழக்கூடாது. கோட்டுக்குச் சற்றே கீழே, சாலையை நோக்கிய புள்ளியில் 12 லக்ஸுக்குக் குறையக்கூடாது. இடைப்பட்ட வேறுபாடு 30 மடங்கு. பல்பின் திறனை இரட்டித்தால் எதிரே வருபவரின் கண்ணில் விழுவது இரண்டு மடங்காகும். கோட்டை ஒரு பாகை உயர்த்தினால் அந்தக் கண் கோட்டின் மறுபக்கத்திற்கே போய்விடுகிறது.

இந்தக் கோடு எவ்வளவு சாய்ந்திருக்கவேண்டும் என்பதும் வரையறுக்கப்பட்டதே. தரையிலிருந்து 80 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரத்தில் விளக்கு பொருத்தப்பட்ட கார்களுக்குத் தொடக்கச் சாய்வு 1 முதல் 1.5 விழுக்காடு. விளக்கின் மேலோ எஞ்சின் மூடியின் அருகிலோ "1.0%", "1.2%" என்று ஒரு சிறு விளக்குக் குறியோடு இது அச்சிடப்பட்டிருக்கும். பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் இறங்கவேண்டும் என்பதே 1 விழுக்காட்டின் பொருள். 70 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள விளக்கின் ஒளி 70 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். அதே விளக்கு 1 விழுக்காடு மேல்நோக்கியிருந்தால் தரையை அது தொடவே தொடாது; 30 மீட்டரில் ஒரு மீட்டர் உயரத்திலும், 40 மீட்டரில் 110 சென்டிமீட்டர் உயரத்திலும் செல்லும். முன்னது ஐந்து வயதுக் குழந்தையின் கண்மட்டம், பின்னது எதிர்க் கார் ஓட்டுநரின் கண்மட்டம். சரியான ஒளிக்கும் இந்தத் தவறான ஒளிக்கும் இடையே உள்ள கோணம் ஏறத்தாழ ஒரு பாகையும் சிறிதும்தான். விளக்கின் பின்புறத் திருகில் அது சில சுற்றுகள்.

திருகைத் தொடாமலேயே இந்தப் பிறழ்வு நேர்வதும் உண்டு. முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடையே 2.4 மீட்டர் நீளமுள்ள சிறு காரில் பின்னிருக்கையில் மூவர் அமர்ந்து, டிக்கியில் அரிசி மூட்டையும் வைத்து, பின்புறம் நான்கு சென்டிமீட்டர் தாழ்ந்தால், கார் முழுவதும் 1.67 விழுக்காடு மேல்நோக்கிச் சாய்கிறது. சரியாகத் திருத்திய விளக்கும் அப்போது வானம் பார்க்கிறது. இதற்காகவே ஓட்டுநரின் முழங்கால் அருகில் 0 முதல் 3 அல்லது 4 வரை எண்ணிட்ட ஒரு சிறு உருளை பல கார்களில் உண்டு. சுமை ஏறும்போது எண்ணைக் கூட்டினால் விளக்கு தாழும். அதைத் தொட்டே பார்த்திராத கார் உரிமையாளர்கள் ஏராளம். இருசக்கர வாகனத்தில் நிலைமை இன்னும் கூர்மையானது. அதன் நீளம் குறைவு, பின்னால் ஒருவர் ஏறியதும் சாய்வு மிகுதி. 2017 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் இருசக்கர வாகனங்களில் விளக்கை அணைக்கும் விசையே கிடையாது. எஞ்சின் ஓடும்வரை விளக்கும் எரியும். கோணம் தவறியிருந்தால் அந்தத் தவறும் உடன் எரியும்.

கூச்சம் கண்ணுக்குள் நிகழ்வது எப்படி என்பதை 1920களிலேயே ஹாலடே, ஸ்டைல்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். கண்ணுக்குள் சிதறும் ஒளி பார்வைமீது ஒரு வெண்திரையை விரிக்கிறது. ஒளிமூலம் பார்வைக்கோட்டுக்கு நெருங்க நெருங்கத் திரை தடிக்கிறது. கோணம் பாதியானால் திரை நான்கு மடங்கு அடர்த்தியாகிறது. வயது ஏறினால் சிதறல் கூடும். கண்புரை தொடங்கியவருக்கு இன்னும் கூடும். ஆகவே இளைஞருக்கு எரிச்சலாக இருக்கும் அதே விளக்கு முதியவருக்குச் சில நொடிக் குருடாகிறது. தமிழில் கண்ணும் கூசும், பல்லும் கூசும், மனமும் கூசும். கன்னடத்தில் ஒளி கண்ணைக் 'குக்கு'கிறது, அதாவது கொத்துகிறது. மர்பி டவுனில் இரு சொற்களும் ஒரே தெருவில் புழங்குகின்றன. கூசவேண்டியவர் யார் என்பதில் மட்டும் இரு மொழியினருக்கும் குழப்பம் நீடிக்கிறது.

குழப்பத்திற்கு ஒரு காரணம் உண்டு. காற்று இறங்கிய டயரும் தேய்ந்த பிரேக்கும் ஓட்டுபவருக்கே தொல்லை தருகின்றன. ஆகவே அவர் சரிசெய்கிறார். விளக்கு தாழ்ந்துபோனாலும் அப்படித்தான், சாலை தெரியாததால் மெக்கானிக்கிடம் போவார். ஆனால் விளக்கு உயர்ந்துபோனால் அவருக்குக் கிடைப்பது நன்மை. பெயர்ப்பலகை தெரிகிறது, மரக்கிளை தெரிகிறது, தொலைவு தெரிகிறது. 'வண்டிக்கு நல்ல வெளிச்சம்' என்று மகிழ்கிறார். இழப்பு முழுவதும் எதிரே வருபவருடையது. அவரோ அடுத்த நொடியில் கடந்துபோய்விடுகிறார். முறையிட முகவரி இல்லை. பொருளியலார் புறவிளைவு என்று சொல்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தேடவேண்டியதில்லை. இத்தகைய இடத்தில்தான் சட்டம் தேவைப்படுகிறது.

சட்டம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி ஒரு கற்பனை மனிதரை நிறுத்துகிறது. விளக்கிலிருந்து எட்டு மீட்டர் முன்னால், வண்டியின் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அவருடைய கண் இருக்கிறது. அந்தக் கண் கூசாதபடி ஒளி கீழ்நோக்கித் தாழ்த்தப்பட்டிருக்கவேண்டும், அல்லது தாழ்த்தக்கூடியதாக இருக்கவேண்டும். கருணையுள்ள வரையறைதான்; சட்டநூலில் ஒரு வழிப்போக்கரின் கண்ணுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறதே என்று மகிழவும் செய்யலாம். ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் அந்தக் கண் மிக அருகிலும் மிக உயரத்திலும் நிற்கிறது. மேலே சொன்ன பிறழ்ந்த விளக்கு, 1 விழுக்காடு மேல்நோக்கியது, எட்டு மீட்டரில் 78 சென்டிமீட்டர் உயரத்தில்தான் செல்கிறது. விதியின் கண் அதற்கு முக்கால் மீட்டர் மேலே பாதுகாப்பாக நிற்கிறது. ஒளியின் எல்லைக்கோடு அந்தக் கண்ணைத் தொடவேண்டுமானால் விளக்கு 10 விழுக்காடு மேல்நோக்கவேண்டும். அப்படியொரு விளக்கு சாலைக்கு வெளிச்சம் தராது, மொட்டைமாடிக்குத்தான் தரும். 40 மீட்டரில் எதிர்க் கார் ஓட்டுநரையும் 30 மீட்டரில் குழந்தையையும் கூசவைக்கும் விளக்கு எட்டு மீட்டரில் நிற்கும் நெடியவரை ஒன்றும் செய்வதில்லை. வாகனம் தொழிற்சாலையை விட்டு வெளிவரும்போது விழுக்காட்டுச் சாய்வு சோதிக்கப்படுகிறது என்பது உண்மை. அது உற்பத்தியாளரைக் கட்டுப்படுத்துகிறது. அதற்குப் பிறகு?

பிறகு, சொந்தக் காருக்குப் பதினைந்து ஆண்டுகள் எவரும் கேட்பதில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். தகுதிச் சான்று புதுப்பிக்கும் கட்டாயம் அதன் பின்னரே. வாடகைக் காருக்கும் ஆட்டோவுக்கும் அவ்வாறன்று. எட்டு ஆண்டுகள்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் அவை தகுதிச் சோதனைக்கு நிற்கவேண்டும். மர்பி டவுனில் ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவரின் விளக்கை அரசு பார்க்கிறது. அவருக்கு எதிரே வரும் பெரிய காரின் விளக்கைப் பார்ப்பதில்லை. பிரிட்டனில் மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும், ஜப்பானில் முதலில் மூன்று ஆண்டிலும் பின்னர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் தனியார் கார்களும் சோதனைக்குச் செல்கின்றன. இரு நாடுகளிலும் விளக்கின் நோக்கு தவறினால் சான்று கிடைக்காது. 2024ஆம் ஆண்டின் நடுவில் கர்நாடகப் போலீசார் கண்கூசும் எல்.இ.டி. விளக்குகளுக்கு எதிராக வழக்குப் பதியத் தொடங்கினர். வரவேற்கத்தக்க செயல். ஆயினும் சாலையோரத்தில் நிற்கும் காவலரின் வெறுங்கண்ணுக்கு நிறமும் பிரகாசமும் தெரியும். அரைப் பாகைச் சாய்வு தெரியாது.

மத்திய அரசின் விபத்து அறிக்கையின்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் நடந்து சென்றோர் 32,825 பேர். விபத்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாலை ஆறு முதல் ஒன்பது மணிக்குள் நிகழ்கிறது. அதே அறிக்கையில் விதிமீறல் வாரியான பட்டியலில் மிகைவேகம், குடிபோதை, தவறான திசை, சிவப்பு விளக்கைத் தாண்டுதல், கைப்பேசி ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் உண்டு. கண்கூச்சத்திற்கு இடம் இல்லை. அது 'பிற' என்பதற்குள் ஒடுங்கிவிடுகிறது. பட்டியலில் இல்லாத ஒன்றுக்கு நிதியும் ஒதுக்கப்படுவதில்லை, ஆய்வும் நடப்பதில்லை.

மக்கள் தாமாகவே ஒரு தீர்வைக் கண்டிருந்தார்கள். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் விளக்கின் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டுவதும் மேற்பாதிக்குக் கறுப்புச் சாயம் பூசுவதும் நெடுங்கால வழக்கம். போக்குவரத்துக் காவலர்களே ஒட்டிவிட்டதும் உண்டு. நோக்கம் நல்லது, ஒளியியல் எதிராக இருக்கிறது. எச்-4 என்னும் இரட்டை இழை பல்பில் தாழ்வொளி இழையின் கீழே ஒரு சிறு உலோகக் கிண்ணம் உண்டு. அது கீழ்நோக்கும் ஒளியைத் தடுத்து, பிரதிபலிப்பானின் மேற்பாதியில் மட்டும் ஒளி விழச் செய்கிறது. மேற்பாதியில் பட்டது சாலையை நோக்கிக் கீழே இறங்குகிறது. மேற்பாதியை மூடினால் தாழ்வொளியின் பெரும்பகுதியும் மறைந்துபோகும். சாலை தெரியாத ஓட்டுநர் என்ன செய்வார்? பிரைட்டுக்கு மாறுவார். நடுப்பொட்டு இவ்வளவு தீங்கு செய்வதில்லை. ஒளியை எல்லாத் திசையிலும் கொஞ்சம் குறைக்கிறது, திசையை மாற்றுவதில்லை. இழைக்காகச் செய்த பிரதிபலிப்பானில் எல்.இ.டி. பல்பைச் செருகுவதும் இதே வகைப் பிழை. ஒளி பிறக்கும் இடம் சற்று விலகினாலே எல்லைக்கோடு குலையும். குலைந்த கோட்டை எந்தத் திருகாலும் சீராக்க இயலாது.

சரியான முறை இதைவிடக் கடினமானதன்று. சமதளத்தில், சமமான ஒரு சுவரை நோக்கிக் காரை நிறுத்தவேண்டும். டயர்களில் உரிய காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள், டிக்கி காலி, உயர உருளை 0இல். முதலில் காரைச் சுவரை ஒட்டி நிறுத்தி, இரு விளக்குகளின் மையத்திற்கும் நேராகச் சுவரில் குறியிட்டு, அவற்றை ஒட்டுநாடாவால் கிடையாக இணைத்து, ஒவ்வொரு மையத்தின் வழியாகவும் ஒரு செங்குத்துக் கோடும் இடவேண்டும். பிறகு காரை நேராகப் பின்னோக்கி 7.5 மீட்டர் எடுத்து, கிடைக்கோட்டுக்கு 7.5 சென்டிமீட்டர் கீழே மற்றொரு நாடா. 1 விழுக்காட்டுச் சாய்வுக்கு இதுவே கணக்கு. விளக்கில் அச்சிட்ட எண் வேறானால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஒரு விளக்கை அட்டையால் மறைத்து மற்றொன்றைத் தாழ்வொளியில் பார்க்கவேண்டும். கோட்டின் வலப்பகுதி கிடையாகவும் இடப்பகுதி 15 பாகை மேலேறியும் இருக்கும். இடப்புறம் செலுத்தும் நாடுகளில் இடது ஓரத்தில் நடப்பவர் தெரியவேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. கிடைப்பகுதி கீழ்நாடாவில் படியவேண்டும்; கோடு மடியும் முனை செங்குத்துக் கோட்டின் அருகில் நிற்கவேண்டும். விளக்கின் பின்னால் உள்ள இரு திருகுகளில் ஒன்று மேல்கீழாகவும் மற்றொன்று பக்கவாட்டிலும் நகர்த்தும். திருகைத் தொடுமுன் பல்ப் தன் இருக்கையில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அவசரமாக மாற்றிய பல்ப் சற்றே கோணலாக மாட்டியிருப்பதால் வரும் பிறழ்வைத் திருகால் 'சரிசெய்து' இரட்டைத் தவறாக்கியவர்கள் பலர். சுமைக்கேற்பத் தானாகவே தாழும் விளக்குள்ள புதிய கார்களை மட்டும் பணிமனைக்கு விடுவதே முறை. அவற்றின் உணரிகளுக்குக் கருவி தேவை.

வீட்டிலேயே செய்துகொள்ளும் இந்த முறை ஒன்றை மௌனமாக எதிர்பார்க்கிறது: முன்னால் ஏழெட்டு மீட்டர் சமதளமும் முடிவில் ஒரு வெற்றுச் சுவரும் உள்ள வீட்டை. நாக்ஸ்பேட்டை என்றிருந்து, பின்னர் பொறியாளர் மர்பியின் பெயரை ஏற்ற இந்தப் பகுதி, தொழிலாளர் வாழும் சிறு வீடுகளின் பகுதியாக 1920களில் உருப்பெற்றது. ஹாலடேயும் ஸ்டைல்ஸும் கண்கூச்சத்தை அளந்துகொண்டிருந்த அதே பத்தாண்டு. கார் நிறுத்துவதற்கென்று எவரும் இங்கே மனை பிரிக்கவில்லை. வாசற்படி தெருவில் இறங்குகிறது. கார் தெருவிலேயே உறங்குகிறது. அல்சூர்ப் பக்கம் தெரு சரிகிறது, வேகத்தடை இருக்கிறது, மூடிய சாக்கடைக் கற்கள் மேடாகக் கிடக்கின்றன. எதிர்ச்சுவர் ஐந்து மீட்டரில் வந்துவிடுகிறது. அதுவும் எதிர்வீட்டாரின் சுவர், அதில் அவர்களுடைய ஜன்னல். விளக்கைச் சோதிக்கிறேன் என்று ஒருவர் வீட்டுக்குள் ஒளியைப் பாய்ச்சினால் வரும் சண்டைக்குத் திருப்புளி உதவாது.

முடியாது என்று இதற்குப் பொருளில்லை. ஐந்து மீட்டரிலும் செய்யலாம். இறக்கம் ஐந்து சென்டிமீட்டர். ஆனால் அங்கே ஒரு சென்டிமீட்டர் பிழை 0.2 விழுக்காட்டுப் பிழையாகும். 70 மீட்டரில் தரை தொடவேண்டிய ஒளி 58இலோ 87இலோ தொடும். ஆகவே தடித்த சுண்ணாம்புக் கட்டியால் அன்றி மெல்லிய நாடாவால் குறிக்கவேண்டும். கார் நிற்கும் இடம் சமமாக இருந்து இடைத்தரை மட்டும் பள்ளமானால், கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் நிரப்பிய குழாயால் விளக்கின் மட்டத்தைச் சுவருக்குக் கொண்டுபோகலாம். இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தெருவின் கோணல் அதைப் பாதிக்காது. இந்தக் கருவியும் கைத்திறனும் மர்பி டவுனில் வீட்டுக்கு வீடு கிடைக்காவிட்டாலும் தெருவுக்குத் தெரு கிடைக்கும்.

தெரியாதவர் திருகைத் தொட்டால் இருப்பதும் கெடும் என்ற எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் தொடுவது வேறு, படிப்பது வேறு. காய்ச்சல்மானியைப் படிக்கத் தெரிந்த எவரும் தமக்குத் தாமே ஊசி போட்டுக்கொள்வதில்லை. பல்ப் மாற்றியபின், முன்பம்பர் பழுது பார்த்தபின், ஸ்பிரிங் மாற்றியபின், பெரிய டயர் போட்டபின் சுவரில் கோடு எங்கே விழுகிறது என்று பார்க்கத் தெரிந்த உரிமையாளர், திருகை மெக்கானிக்கிடமே விட்டுவிடலாம். இப்போது நடப்பது என்னவென்றால், பல சிறு பட்டறைகளில் மெக்கானிக் விளக்கைக் கண்ணால் பார்த்துத் திருப்புகிறார், உரிமையாளர் 'தூரம் தெரியுதா?' என்ற ஒரே கேள்வியால் அதை மதிப்பிடுகிறார். அந்தக் கேள்வி கேட்கப்படும்வரை விளக்குகள் உயர்ந்துகொண்டேதான் போகும்.

தேவைப்படுவது பொதுச்சுவர். பெட்ரோல் பங்குகளில் டயருக்கு இலவசமாகக் காற்றுப் பிடித்துத் தரும் ஏற்பாடு இருக்கிறது; காற்றழுத்தம் ஓட்டுநரின் தனிப்பட்ட சிக்கல் என்று எண்ணெய் நிறுவனங்கள் ஒதுங்கிவிடவில்லை. அதே காற்றுக் குழாயின் அருகில், பெரும்பாலான பங்குகளுக்குப் பின்புற எல்லையில் ஏற்கெனவே ஒரு சுற்றுச்சுவர் நிற்கிறது. சமப்படுத்திய ஒரு கார் நீளத் தளம், அதிலிருந்து சரியாக 7.5 மீட்டரில் வெள்ளையடித்த சுவர், அதில் சென்டிமீட்டர் அளவுகோல். விளக்கின் உயரத்தைக் காரில் அளந்து, அதில் ஏழரையைக் கழித்து, கோடு அங்கே விழுகிறதா என்று பார்த்தால் முடிந்தது. இரண்டு நிமிட வேலை, இருட்டியபின் செய்யவேண்டிய வேலை. ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் அப்படி ஒரு சுவர் இருந்தால் மர்பி டவுன், அல்சூர், இந்திராநகர் மூன்றுக்கும் பயன்படும். பங்குகள் முன்வராவிட்டால் மாநகராட்சி தன் விளையாட்டுத்திடல் சுவர் ஒன்றைத் தரலாம். 106ஆம் விதியின் எட்டு மீட்டர் கண்ணையும் அதே சுவரில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு கறுப்பு வட்டமாக வரைந்துவைக்கலாம்; ஒளி விழும் இடத்திற்கும் சட்டம் பார்க்கும் இடத்திற்கும் உள்ள இடைவெளி, கன்னடத்திலோ தமிழிலோ விளக்கம் எழுதத் தேவையின்றி, வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும்.